நிபோங் திபாலில் சீன வாயாங்: முதல் வரிசையை விட்டுவிட்டு உட்காருங்கள்

கோவையிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். ஆகஸ்டு கடைசியில் கணவர், பத்து வயது மகள், அம்மா எல்லோருமாக மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், நிபோங் திபாலில் இருக்கும் அத்தை வீட்டுக்கு விடுமுறைக்கு வருகிறார்கள். இத்தாலியின் வெரோனாவில் திறந்தவெளி ஓபரா பார்க்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. செலவு கட்டுப்படியாகவில்லை. "இங்கேயே சீனக் கோயிலுக்கு முன்னால ராத்திரி ஓபரா போடுவாங்க, வந்து பாரு" என்று அத்தை சொன்னாராம். டிக்கெட் எங்கே வாங்குவது, மொழி தெரியாமல் என்ன புரியும், பேய் மாதத்தில் நடப்பதாமே, குழந்தையையும் அம்மாவையும் கூட்டிப்போகலாமா என்று கேட்கிறார்.

டிக்கெட் கிடையாது. கோயிலுக்கு எதிரே மேடை இருக்கும். அதற்கு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருப்பார்கள். யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். ஆனால் முதல் வரிசையில் மட்டும் உட்காரக் கூடாது. காலியாகத்தானே இருக்கிறது என்று மகள் ஓடிப்போய் உட்கார்ந்துவிடுவாள். கையைப் பிடித்து இரண்டாவது, மூன்றாவது வரிசைக்கு அழைத்து வந்துவிடுங்கள். அந்த மாதத்தில் பூமிக்கு வரும் ஆவிகளுக்கு என்று விட்டுவைத்த இடம் அது.

எனக்கு இது ஏழு வயதில் தெரிய வந்தது. என் அப்பா தோட்டத்து ஆலையில் வயர்மேன். இன்று ஊரைச் சுற்றி எங்கே பார்த்தாலும் செம்பனை (எண்ணெய்ப் பனை), அப்போது பால்மரம் (ரப்பர்). டவுனில் வாயாங், அதாவது சீன ஓபரா, மேடை போட்டால் விளக்கு இழுத்துக் கொடுக்க அப்பாவைத்தான் கோயில் கமிட்டியார் கூப்பிடுவார்கள். டெஸ்டரும் டேப்பும் தூக்கிக்கொண்டு நானும் போவேன். ஒரு நாள் வேலை முடிந்த களைப்பில் முதல் வரிசை நடு நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். ஒரு சீனப் பாட்டி வந்தார். திட்டவில்லை. என் கையில் ஒரு ஆரஞ்சுப் பழத்தைக் கொடுத்து, தோளைப் பிடித்து எழுப்பி, பின்வரிசையில் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். பிறகு காலி நாற்காலிகளைப் பார்த்து இரண்டு கைகளையும் கூப்பி ஏதோ சொன்னார். எனக்காக மன்னிப்புக் கேட்டிருக்கிறார் என்று அப்பா வீட்டுக்கு வரும் வழியில் சொன்னார். அன்றிலிருந்து ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பார்த்து வருகிறேன். அப்பாவுக்குப் பிறகு சில ஆண்டுகள் அந்த விளக்கு வேலையையும் செய்தேன். மேடைக்கு முன்னாலும் பின்னாலும் கண்டதை வைத்துத்தான் எழுதுகிறேன்.

'ஓபரா' என்ற சொல்லைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிடுங்கள். இங்கே நாங்கள் 'வாயாங்' என்போம். மலாய்ச் சொல், கூத்து, நாடகம், ஆட்டம் எல்லாவற்றுக்கும் அதுதான். பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். வெரோனாவை மனத்தில் வைத்துக்கொண்டு வந்தால் ஏமாற்றமாக இருக்கும் என்பதால்தான் சொல்கிறேன். அங்கே ரோமானியர்கள் கி.பி. முதலாம் நூற்றாண்டில் கட்டிய கல் அரங்கம். 1913இல், வெர்டி என்ற இசையமைப்பாளர் பிறந்து நூறு ஆண்டு ஆனதைக் கொண்டாட அவருடைய 'அயீதா'வை அங்கே போட்டார்கள். கோடைகால ஓபரா விழா அப்படித்தான் தொடங்கியது. டிக்கெட் வாங்கியவர்கள் ஆயிரக்கணக்கில் கல் படிகளில் உட்கார்ந்து, இருட்டிய பிறகு தொடங்கும் பாட்டை அமைதியாகக் கேட்பார்கள். அங்கே எல்லாம் பார்வையாளருக்காக நடக்கிறது. இங்கே அப்படி இல்லை. மேடை எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று கவனியுங்கள். கோயில் சன்னிதியை, அல்லது தற்காலிகமாகப் போட்ட பூசைப் பந்தலைப் பார்த்து நிற்கும். நடிகர்கள் சாமிக்கு ஆடுகிறார்கள், ஆவிகளுக்கு ஆடுகிறார்கள். நடுவில் நாமும் உட்கார்ந்துகொள்ளலாம், அவ்வளவுதான். ஒரே ஒரு ஆள்கூட வராவிட்டாலும் நேரம் தவறாமல் தொடங்கி முழுதாக ஆடி முடிப்பார்கள். நான் தனியாக உட்கார்ந்து பார்த்த இரவுகள் உண்டு.

திரௌபதி அம்மன் கோயில் கூத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கூத்து அம்மனுக்கு, ஊர் கூட இருந்து பார்க்கிறது. எங்கள் தோட்டங்களிலும் ஒரு காலத்தில் காமன் கூத்தும் அரிச்சந்திரன் நாடகமும் விடிய விடிய நடந்தன. அதனால் வாயாங் எங்கள் பாட்டிமார்களுக்கு அந்நியமாகத் தெரியவே இல்லை.

நிபோங் திபால் பக்கத்துக் கதையையும் சொல்லிவிடுகிறேன். 19ஆம் நூற்றாண்டில் இந்த செபராங் பிறை வட்டாரம் கரும்புத் தோட்டங்களாக இருந்தது. பத்து காவான் பக்கம் தியோச்சியூ பேசும் சீனர்கள் வந்து கரும்பு நட்டார்கள். பிறகு வெள்ளைக்காரர்களின் கரும்புத் தோட்டங்களுக்கு நம் ஆட்கள் ஒப்பந்தக் கூலிகளாக வந்து இறங்கினார்கள். ரப்பர் வந்தது பிறகு. செம்பனை அதற்கும் பிறகு. ஆக, இரண்டு கூட்டமும் ஒரே மண்ணில் கரும்பு வெட்டியவர்கள்தான். இன்றும் இந்த ஊர்க் கடைத்தெருவில் காதில் விழுவது பெரும்பாலும் தியோச்சியூ அல்லது ஹொக்கியன். ஈப்போ பக்கம் போனால் காண்டனீஸ். வாயாங்கும் அப்படித்தான், ஒவ்வொரு கூட்டத்துக்கும் அவரவர் மொழியில், அவரவர் இசையில் தனித்தனி. நீங்கள் இணையத்தில் பார்த்திருக்கக்கூடிய பெய்ஜிங் ஓபராவை இங்கே எதிர்பார்க்காதீர்கள். காண்டனீஸ் ஓபரா 2009இலும் பெய்ஜிங் ஓபரா 2010இலும் யுனெஸ்கோ பட்டியலில் ஏறின. தியோச்சியூ வாயாங்குக்கு அந்தப் பெயர் இல்லை. என்னைக் கேட்டால் இந்த மூன்றில் தமிழ்க் காதுக்கு மிக நெருக்கமானது தியோச்சியூதான். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

எப்போது, எங்கே என்று தெரிந்துகொள்ள வேண்டும். சீனர்களின் ஏழாம் மாதம், அதாவது பேய் மாதம், ஆண்டுக்கு ஆண்டு நகரும். ஆகஸ்டு, செப்டம்பரில் விழும். பினாங்கில் இதைப் 'போ தோ' என்பார்கள். பௌர்ணமி அன்று மட்டும் நடப்பதில்லை. சந்தை வியாபாரிகள் ஒரு நாள், இந்தத் தெருக்காரர்கள் ஒரு நாள் என்று மாதம் முழுவதும் பிரித்துக்கொள்வார்கள். உங்கள் அத்தையை ஒரு நடை கடைத்தெருவுக்குப் போகச் சொல்லுங்கள். எந்தத் தேதியில் எந்தக் குழு வருகிறது என்று சிவப்புத் தாளில் சீன எழுத்தில் எழுதி ஒட்டியிருப்பார்கள். மீன் கடைக்காரரிடம் கேட்டாலும் போதும். வாயாங்தானா, 'கெதாய்' என்கிற பாட்டுக் கச்சேரியா என்று மறக்காமல் கேட்கச் சொல்லுங்கள். கெதாய் என்றால் பளபள உடையில் பாடகர்கள் மைக் பிடித்து சினிமா மெட்டுப் பாடல்கள் பாடுவது. இளைஞர்கள் கூட்டம் அதற்குத்தான். அதுவும் ஆவிகளுக்கு ஆடுவதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் நீங்கள் தேடி வருவது அது இல்லை. ஊரில் அந்த நாட்களில் வாயாங் இல்லையென்றால் புக்கிட் மெர்தாஜாமுக்கோ ஜார்ஜ் டவுனுக்கோ போகலாம். புக்கிட் மெர்தாஜாமில் செய்து நிறுத்தும் ஆவிகளின் அரசனுடைய பிரமாண்டமான காகித உருவத்துக்காகவே போகலாம்.

போகும் நேரம் முக்கியம். பெரும்பாலானோர் எட்டு மணிக்குச் சாப்பிட்டு முடித்து ஆற அமர வருவார்கள். அப்படி வந்தால் நல்லதை விட்டுவிடுவீர்கள். பொழுது சாயும்போதே போய்விடுங்கள். முதலில் நடப்பது கதை அல்ல, சடங்கு. நம் கூத்தில் விநாயகர் வணக்கம் இருக்கிறதல்லவா, அதுபோல. தியோச்சியூ மரபில் ஒரு நடிகர் தாங் வம்சத்துப் பேரரசர் வேடத்தில் வந்து மேடையைத் தூய்மை செய்வார். சுவான்சோங் என்ற அந்தப் பேரரசர் கி.பி. 712 முதல் 756 வரை ஆண்டவர். அரண்மனையில் ஒரு பேரிக்காய்த் தோட்டத்தில் பாட்டும் ஆட்டமும் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தவர். அதனால் சீனாவில் நாடகக்காரர்களைப் பேரிக்காய்த் தோட்டத்துப் பிள்ளைகள் என்று சொல்வது வழக்கம். தோட்டத்துப் பிள்ளை என்று எங்களை டவுன்காரர்கள் சொன்னபோது எனக்குச் சின்ன வயதில் வலித்திருக்கிறது. நாடகக்காரர்களுக்கும் அதுதான் பெயர் என்று ஒரு மேளக்காரர் சொன்ன அன்று நான் பட்ட சந்தோஷம் இன்னும் நினைவிருக்கிறது.

பிறகு முகமூடி போட்ட ஒருவர் வாய் திறக்காமல் ஆடி, கையில் இருக்கும் சுருளை விரித்துக் காட்டுவார். பதவி உயரட்டும், செல்வம் சேரட்டும் என்ற வாழ்த்து அதில் இருக்கும். அப்புறம் வருவதுதான் உங்கள் மகள் பார்க்க வேண்டியது. தேவலோகப் பெண் தன் குழந்தையைப் பூமியில் இருக்கும் கணவனிடம் ஒப்படைக்கிற சின்னக் காட்சி. குழந்தையாக ஒரு மரப்பொம்மை. காட்சி முடிந்ததும் நடிகர்கள் அந்தப் பொம்மையைத் தூக்கிக்கொண்டு முழு வேடத்தோடு மேடையை விட்டு இறங்கி, கூட்டத்துக்கு நடுவே நடந்து, சன்னிதிக்குப் போய்ச் சாமியிடம் காட்டிவிட்டுத் திரும்புவார்கள். பட்டு உடை உங்கள் முழங்காலில் உரசும் அளவுக்குப் பக்கத்தில் போவார்கள். பல சீனர்களே இதைப் பார்க்காமல் சாப்பிடப் போய்விடுகிறார்கள் என்பது எனக்கு வருத்தம்.

இனி மொழி. தியோச்சியூ தெரியாதே என்று கவலைப்படாதீர்கள். இன்றைய சீனப் பிள்ளைகளில் பலருக்கும் பாட்டின் மொழி புரிவதில்லை; மேடையின் ஓரத்தில் பலகையில் ஓடும் எழுத்தைப் படித்துத்தான் தொடர்கிறார்கள். நடிகர்களிலும் பலர் தாய்லாந்திலிருந்து வருபவர்கள். அங்கே சீன வம்சாவளியில் தியோச்சியூக்காரர்கள்தான் அதிகம் என்றாலும், வீட்டில் தாய்மொழி தாய்லாந்து மொழியாகவே ஆகிவிட்டவர்களும் வரிகளை மனப்பாடம் செய்து பாடுகிறார்கள். ஆகவே அங்கே மொழி தெரியாதவர் நீங்கள் ஒருவர் மட்டும் இல்லை.

பார்க்கத் தெரிந்தால் பாதி கதை கண்ணிலேயே புரியும். மேடையில் பெரும்பாலும் ஒரு மேசை, இரண்டு நாற்காலிதான். அரசன் பின்னால் உட்கார்ந்தால் அது அரியணை. ஏறி நின்றால் மலை, அல்லது கோட்டைச் சுவர். குஞ்சம் கட்டிய குச்சியைக் கையில் பிடித்திருந்தால் ஆள் குதிரையில் இருக்கிறார்; குச்சியை வேலைக்காரனிடம் கொடுத்தால் இறங்கிவிட்டார். மேடையை ஒரு சுற்றுச் சுற்றினால் நூறு காதம் போயாயிற்று. துடுப்பு இருந்தால் படகு. கொடி பிடித்த நான்கு பேர் வந்தால் ஒரு படை. முதுகில் நான்கு முக்கோணக் கொடி செருகியவர் தளபதி. நமக்கு எதிரே இடப்பக்கத் திரையை விலக்கி வருவார்கள், வலப்பக்கம் போவார்கள் என்பது மரபு. நம் கூத்தில் வெறும் தரையே குருச்சேத்திரமும் அஸ்தினாபுரமும் ஆகிறதே, அதே சங்கதிதான்.

முகத்தின் நிறத்தில் மட்டும் கவனமாக இருங்கள். செக்கச் சிவந்த முகத்தைக் கண்டதும் வில்லன் என்று நினைத்துவிடக் கூடாது. சீன மரபில் சிவப்பு விசுவாசத்தின் நிறம். குவான் யூ என்ற வீரர், கி.பி. 220 வாக்கில் கொல்லப்பட்டவர், பிறகு தெய்வமாகவே ஆகிவிட்டவர், அவருக்குத்தான் அந்தச் சிவந்த முகம். அந்த வேடம் கட்டுகிறவர் ஊதுபத்தி ஏற்றிக் கும்பிட்டுவிட்டுத்தான் மேடை ஏறுவார். சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளை முகம் என்றால் சூழ்ச்சிக்காரன். கறுத்த முகம், நெற்றியில் பிறை என்றால் நீதிபதி பாவ். 11ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த உண்மையான அதிகாரி. பணக்காரனுக்கும் ஏழைக்கும் ஒரே தீர்ப்பு சொன்னவர் என்று பெயர் எடுத்தவர். 90களில் அவருடைய தொடர் தொலைக்காட்சியில் வந்தபோது எங்கள் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) வீட்டுக்கு வீடு அதுதான் ஓடியது. மனுநீதிச் சோழன் கதை கேட்டு வளர்ந்தவர்களுக்கு அவரைப் பிடிக்காமல் போகுமா?

இப்போது இசை. தமிழ்க் காதுக்கு நெருக்கம் என்று சொன்னேனே, அதற்கு வருகிறேன். முதல் ஐந்து நிமிடம் இரைச்சலாகத்தான் இருக்கும். தட்டு, தாளம், சேகண்டி மாதிரி வெண்கலம் எல்லாம் சேர்ந்து அடிக்கும். எழுந்து போய்விடாதீர்கள். பக்கவாட்டில் உட்கார்ந்திருக்கும் மேளக்காரரை மட்டும் பத்து நிமிடம் பாருங்கள். மொத்தக் குழுவையும் நடத்துகிறவர் அவர்தான். நடிகையின் கால் தூக்கலும் கண் திரும்பலும் அவர் குச்சியில் இருக்கிறது. நட்டுவாங்கம் பார்த்துப் பழகிய கண் இதை உடனே பிடித்துக்கொள்ளும். பிறகு இரண்டு கம்பி மட்டும் உள்ள சின்ன வில்வாத்தியம் ஒன்று. மாண்டரினில் தோ ஷியன், அதாவது 'தலைத் தந்தி'. மூக்கால் பாடுவதுபோல் உச்சத்தில் ஒலிக்கும். நம் கூத்தில் முகவீணை எப்படிக் காதைத் துளைத்துக்கொண்டு முன்னால் நிற்குமோ அப்படி. சண்டைக் காட்சியில் நாதஸ்வரத்தின் தம்பி மாதிரி ஒரு குழல் சேர்ந்துகொள்ளும். பெயர் சுவோனா. அதுவும் சீவாளி வைத்து ஊதுவதுதான்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பின்பாட்டு. நடிகை ஒரு வரியைப் பாடி, துயரம் தாங்காமல் கடைசிச் சொல்லுக்கு வரும்போது திரைக்குப் பின்னாலிருந்து ஒரு கூட்டம் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டு பாடும். அவள் ஒருத்தியின் துயரம் சட்டென்று பத்துப் பேர் குரலாக விரியும். தியோச்சியூ வாயாங்கின் தனி அடையாளம் இது. தெருக்கூத்தில் பின்பாட்டுக்காரர்கள் அடியை வாங்கிப் பாடுவதைக் கேட்டவருக்கு மயிர்க்கூச்செறியும். எனக்கு இன்றும் அப்படித்தான். கட்டியங்காரனையும் தேடுங்கள், கிடைப்பார். மூக்கைச் சுற்றி வெள்ளைத் திட்டு வைத்த கோமாளி. தியோச்சியூக்காரர்கள் கோமாளி வேடத்தையே பத்து வகையாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். அவர் பேச்சு புரியாவிட்டாலும் நடையைப் பார்த்தே மகள் சிரிப்பாள்.

கதை என்னவென்று முன்கூட்டித் தெரிந்தால் நல்லது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆண்ட்டியிடம் மலாயிலோ கையாலோ கேளுங்கள், ஆசையாகச் சொல்வார். இந்தப் பக்கம் அதிகம் விரும்பும் காதல் கதை ஒன்று உண்டு. சென் சான் என்ற இளைஞன், வூ நியாங் என்ற பெண்ணை விளக்குத் திருவிழாவில் பார்க்கிறான். அவள் வீட்டுக்குள் நுழைய வழியில்லை. கண்ணாடி மெருகு போடுகிறவனாக வேடமிட்டுப் போய், விலை உயர்ந்த கண்ணாடியை வேண்டுமென்றே கீழே போட்டு உடைத்து, அந்தக் கடனுக்காக அந்த வீட்டிலேயே வேலைக்காரனாகத் தங்கிவிடுகிறான். 1566இல் அச்சிட்ட பிரதியே இந்தக் கதைக்கு இருக்கிறது, தியோச்சியூவும் ஹொக்கியனும் கலந்த மொழியில். அந்தக் கண்ணாடி உடைகிற இடத்துக்காகவே பாட்டிமார்கள் கொட்டாவி விடாமல் காத்திருப்பார்கள்.

மேடைக்குப் பின்னால் போய்ப் பார்க்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் போங்கள். ஏணிக்குக் கீழே நின்று கேட்டால் பெரும்பாலும் தலையசைப்பார்கள். மரப்பெட்டிகள், தொங்கும் பட்டு அங்கிகள், ஃபெசன்ட் பறவையின் நீண்ட இறகு செருகிய தலைக்கவசங்கள், பெட்டியைச் சுவராக வைத்துக் கண்ணாடி பார்த்து மை தீட்டும் பெண்கள். தூளியில் யாரோ ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பார். குழு அங்கேயே சமைத்து அங்கேயே படுக்கும். உள்ளே ஒரு சின்ன மாடத்தில் அவர்களுடைய குலதெய்வம் இருக்கும், அதன் முன்னால் செருப்போடு நிற்காதீர்கள். பெட்டிகள் மேல் உட்காராதீர்கள். நான் சொன்ன அந்தக் குழந்தைப் பொம்மையை மகள் தொட்டு விளையாடக் கூடாது, அதையும் அவர்கள் வணங்குகிறார்கள். சலங்கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் வீட்டிலிருந்து வருகிறவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. படம் எடுப்பதென்றால் கேட்டுவிட்டு எடுங்கள். பாதி ஒப்பனையில் இருக்கிறவரை எடுக்க வேண்டாம்.

நடைமுறை விஷயங்கள் கொஞ்சம். குடை அவசியம், இந்த மாதங்களில் சாயங்கால மழை வந்தால் சொல்லிக்கொண்டு வராது. நடிகர்களுக்குக் கூரை உண்டு, நமக்கு இல்லாமல் போகலாம். மகளின் காதுக்குக் கொஞ்சம் பஞ்சு, ஸ்பீக்கர் பக்கத்தில் உட்காராமல் இருப்பது இன்னும் நல்லது. ஊதுபத்திப் புகை கடுமையாக இருக்கும், மூச்சுத் தொல்லை உள்ளவர்கள் காற்று வரும் பக்கமாக உட்காரட்டும். பூசை மேசையில் முழுப் பன்றி வறுத்து வைத்திருப்பார்கள். அம்மா சைவம் என்றால் முன்பே சொல்லிவிடுங்கள், அந்தப் பக்கம் போகாமலே நாற்காலிக்கு வந்துவிடலாம். சாலையோரம் ஊதுபத்தி குத்தி, சோறும் பழமும் வைத்திருந்தால் தாண்டாமல் சுற்றிப் போங்கள். நாம் காக்கைக்கு வைத்த சோற்றை யாராவது மிதித்தால் எப்படி இருக்கும்? முன்பெல்லாம் வாயாங் திடலில் கச்சாங் பூத்தே விற்றவர் பெரும்பாலும் நம் தமிழர்தான். காகிதக் கூம்பில் கடலையும் முறுக்கும். இப்போது அவரைக் காண்பது அரிது. கண்டால் வாங்குங்கள். பணம் கொடுக்க நினைத்தால் கோயில் உண்டியலில் இரண்டு வெள்ளி (ரிங்கிட்), ஐந்து வெள்ளி போடுங்கள். இந்த ஆட்டத்துக்கு ஆகும் செலவு கடைக்காரர்களும் வீட்டுக்காரர்களும் போட்ட பணம். அடுத்த ஆண்டு முன்னின்று நடத்துவது யார் என்பதைக்கூடப் பிறை வடிவ மரத்துண்டு இரண்டைத் தரையில் போட்டுச் சாமியிடமே கேட்பார்கள், நாம் பூக்கட்டிக் கேட்பதுபோல.

கடைசியாக, உங்கள் அம்மாவின் பயம். பேய் மாதம் என்ற பெயரைக் கேட்டதும் வேண்டாம் என்கிறார், இல்லையா? மகாளய பட்சம் என்று சொல்லிப் பாருங்கள், புரிந்துகொள்வார். முன்னோர்கள் வீடு தேடி வரும் நாட்கள் நமக்கு இருப்பதுபோல அவர்களுக்கும் இருக்கின்றன. நாம் நம் குடும்பத்துப் பித்ருக்களுக்கு எள்ளும் தண்ணீரும் விடுகிறோம். அவர்கள் தங்கள் முன்னோருக்குப் படைப்பதோடு, பிள்ளை குட்டி இல்லாமல், படைக்க ஆளில்லாமல் அலைகிற ஆவிகளுக்கும் சேர்த்துப் படைக்கிறார்கள். கரை தாண்டி வந்து, கூலிகளாகச் செத்து, பெயர் தெரியாமல் புதைந்தவர்கள் நிறைந்த மண் இது. சீனர்களிலும் உண்டு, நம்மிலும் உண்டு. அந்த முதல் வரிசையில் நம் ஆட்களும் வந்து உட்காரலாம் என்றுதான் நான் எப்போதும் நினைக்கிறேன்.

இந்த மாதத்துக் கதையே இந்தியத் துறவி ஒருவரைப் பற்றியது என்பதையும் சொல்லுங்கள். புத்தரின் சீடர் மொக்கல்லானர், செத்துப்போன தன் தாய் பசித்த பேயாக அவதிப்படுவதை ஞானக்கண்ணால் பார்க்கிறார். சோறு கொண்டுபோய் ஊட்டுகிறார். வாய்க்குப் போகும் முன் அது நெருப்பாகிவிடுகிறது. ஏழாம் மாதம் பதினைந்தாம் நாள் துறவிகளுக்கு அன்னமிடு, அவள் விடுபடுவாள் என்று புத்தர் வழி சொல்கிறார். சீனாவில் அவர் பெயர் முலியன். தாயைத் தேடி அவர் நரகங்கள் தோறும் அலைவதை நாள்கணக்கில் ஆடும் மரபு உண்டு.

என் பாட்டியும் பயந்தவர்தான். இருட்டியபின் லயத்தை விட்டு வெளியே வரமாட்டார். ஒருமுறை அப்பா வற்புறுத்திக் கூட்டி வந்தார். அன்று இந்த முலியன் கதை. பாட்டிக்குச் சீனம் ஒரு சொல் தெரியாது, நாங்கள் யாரும் கதையும் சொல்லவில்லை. மொட்டைத் தலையும் காவியுமாக ஒருவன் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு மேடையைச் சுற்றிச் சுற்றி வந்தான். விரிந்த தலையோடு ஒருத்தி கை நீட்டினாள். கிண்ணத்தில் தீ பற்றியது. பின்பாட்டு எழுந்தது. திரும்பிப் பார்த்தால் பாட்டி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். மணி பதினொன்று ஆகி ஆட்டத்தை நிறுத்தினார்கள். வண்டியில் ஏறும்போது அப்பாவிடம் கேட்டார்:

"ஏம்ப்பா, அந்தப் பையன் அம்மாவ மீட்டுட்டானா?"

"இல்லம்மா, மிச்சம் நாளைக்குத்தான்."

மறுநாள் சாயங்காலம் ஐந்து மணிக்கே பாட்டி தலைவாரி, புடவை மாற்றி, வீட்டு முக்காலியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றார்.